வேகம் ஒரு கேள்வி, சமநிலை வேறு கேள்வி: வேதிவினைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படுபவை

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் வேதிச்சமநிலை பதினோராம் வகுப்பிலும் வேதிவினை வேகவியல் பன்னிரண்டாம் வகுப்பிலும் வருகின்றன. நடுவில் ஓராண்டு ஓடிவிடுவதால் இரண்டுக்கும் உள்ள உறவு மாணவர் மனத்தில் அறுந்துபோகிறது, அல்லது இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. எனக்கு வரும் சந்தேகங்களில் பெரும்பாலானவை அந்தக் குழப்பத்திலிருந்து முளைத்தவை. இலங்கை வாசகர்களுக்கு ஒரு சொல்: நீங்கள் 'தாக்கம்', 'தாக்கவீதம்', 'ஊக்கி' என்று படித்தவற்றையே இங்கே 'வினை', 'வினைவேகம்', 'வினைவேக மாற்றி' என்று எழுதியிருக்கிறேன்.

சமநிலை மாறிலியின் (சமநிலையில் விளைபொருள்கள் வினைபடுபொருள்களைவிட எந்த அளவு மிகுந்திருக்கும் என்பதைக் காட்டும் எண்ணின்) மதிப்பு மிகப் பெரியது என்றால் அந்த வினை வேகமாக நடக்கும் என்றுதானே பொருள்?

இல்லை. இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம் என்று தோன்றும் அளவுக்கு இது திரும்பத் திரும்ப வருகிறது.

ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் ஒரு குடுவையில் கலந்து அறை வெப்பநிலையில் வையுங்கள். நீராக மாறுவதற்கான சமநிலை மாறிலி நினைத்துப் பார்க்க முடியாத அளவு பெரியது. கணக்குப்படி வாயுக்கள் மிச்சமே இருக்கக் கூடாது. ஆனால் தீப்பொறி படாத வரை அந்தக் கலவை ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். வைரத்தின் கதையும் இதுதான். நம் காற்றழுத்தத்தில், சாதாரண வெப்பநிலையில், கார்பனுக்கு நிலையான வடிவம் கிராஃபைட். வைரம் கிராஃபைட்டாக மாறுவதே முறை. அந்த மாற்றத்தின் வேகம் ஏறக்குறைய சுழி என்பதால் நகைக்கடைக்காரர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

ஒரு வினை எதுவரை போகும் என்பதைச் சமநிலை மாறிலி சொல்கிறது. எவ்வளவு நேரத்தில் போகும் என்பதை அது சொல்வதே இல்லை. அதைச் சோதனை செய்து அளந்துதான் அறிய வேண்டும்.

வினைவேகத்தை எப்படி அளக்கிறார்கள்?

ஒரு பொருளின் செறிவு ஒரு நொடிக்கு எவ்வளவு குறைகிறது, அல்லது கூடுகிறது என்று பார்க்கிறார்கள். நிறம், அழுத்தம், மின்கடத்தல் என்று செறிவோடு சேர்ந்து மாறும் எதையும் கண்காணிக்கலாம். முதன்முதலில் இதை எண்ணிக்கையாகச் செய்தவர் ஜெர்மானியரான லுட்விக் வில்ஹெல்மி. 1850-இல் அவர் அமிலக் கரைசலில் கரும்புச் சர்க்கரை சிதைவதை, அதன் ஊடே செல்லும் முனைவுற்ற ஒளி எவ்வளவு திரும்புகிறது என்பதை வைத்து அளந்தார். மிச்சமிருக்கும் சர்க்கரையின் அளவுக்கு ஏற்பவே வேகம் இருப்பதைக் கண்டார். முதல் வகை வினை என்று இன்று நாம் படிப்பது அதுதான்.

சூடாக்கினால் மூலக்கூறுகள் அடிக்கடி மோதுகின்றன, அதனால் வேகம் கூடுகிறது. சரியா?

பாதி சரி, அதுவும் சின்னப் பாதி. 25 டிகிரி செல்சியஸிலிருந்து 35-க்கு உயர்த்தினால் வாயு மூலக்கூறுகளின் சராசரி வேகம் இரண்டு விழுக்காடுகூடக் கூடுவதில்லை. மோதல்களின் எண்ணிக்கையும் அந்த அளவில்தான் உயரும். ஆனால் பல வினைகளின் வேகம் இந்தப் பத்து டிகிரியில் இரண்டு மடங்காகிவிடுகிறது. இரண்டு விழுக்காடு எங்கே, இரண்டு மடங்கு எங்கே?

விடை மோதல்களின் தரத்தில் இருக்கிறது. மோதும் மூலக்கூறுகளுக்குக் குறைந்தபட்ச ஆற்றல் ஒன்று வேண்டும். அதைத்தான் கிளர்வு ஆற்றல் என்கிறோம். பெரும்பாலான மோதல்களில் அது கிடைக்காமல், பந்துகள்போல் முட்டி விலகிவிடுகின்றன. வெப்பநிலை சற்று உயர்ந்தாலும், அந்த வரம்பைத் தாண்டும் சிறுபான்மையின் எண்ணிக்கை மளமளவென்று ஏறுகிறது. 1889-இல் சுவீடனைச் சேர்ந்த அர்ஹீனியஸ் இதைச் சமன்பாடாக எழுதினார்.

'பத்து டிகிரிக்கு இரு மடங்கு' என்பது விதி அல்ல, கைக்கணக்கு. அறை வெப்பநிலையை ஒட்டி, கிளர்வு ஆற்றல் ஒரு மோலுக்கு ஏறத்தாழ 53 கிலோஜூலாக இருக்கும் வினைக்கு மட்டுமே அது கச்சிதமாகப் பொருந்தும்.

ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாமல் அடம்பிடிப்பது இதனால்தான். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது; அடுப்பை எவ்வளவு ஏற்றினாலும் தண்ணீர் அதற்குமேல் சூடாகாது. குக்கரில் ஏறக்குறைய 120 டிகிரி வரை போகிறது. ஏழெட்டு டிகிரி குறைவும் இருபது டிகிரி கூடுதலும் சமையலறையில் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை வீட்டில் கேட்டால் சொல்வார்கள். (கோடையில் இட்லி மாவு சீக்கிரம் புளிப்பதையும் இங்கே எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. அது நுண்ணுயிர்களின் பெருக்கமும் சேர்ந்த விஷயம் என்பதால் நான் அதைத் தவிர்ப்பேன்.)

சமன்பாட்டில் உள்ள எண்களைப் பார்த்தே வினைவகையை, அதாவது எந்தப் பொருளின் செறிவை எப்படிப் பொறுத்து வேகம் அமையும் என்பதை, சொல்லிவிடலாமா?

கூடாது. கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் டைஆக்சைடும் ஒன்றுக்கு ஒன்று என்று சேரும் வினை இருக்கிறது. பார்த்தால் இரண்டின் செறிவையும் பொறுத்தே வேகம் அமைய வேண்டும்போல் தோன்றும். தாழ்ந்த வெப்பநிலையில் சோதித்தால், நைட்ரஜன் டைஆக்சைடு செறிவின் இருமடியை மட்டுமே வேகம் சார்ந்திருக்கிறது; கார்பன் மோனாக்சைடை இரட்டிப்பாக்கினாலும் வேகம் அசைவதில்லை. காரணம், வினை ஒரே எட்டில் நடப்பதில்லை. இரண்டு நைட்ரஜன் டைஆக்சைடுகள் மோதும் மெதுவான முதல் படிதான் மொத்த வேகத்தையும் தீர்மானிக்கிறது. சமன்பாடு வரவு செலவுக் கணக்கு மட்டுமே. பணம் எந்த வழியாக வந்தது என்பதைக் கணக்குப் புத்தகம் சொல்வதில்லை.

வினை பின்னோக்கியும் நடக்கும் என்பதை யார் கண்டுபிடித்தார்கள்?

நெப்போலியன் 1798-இல் எகிப்துக்குப் படையெடுத்தபோது அறிவியலாளர்களையும் கூட்டிச் சென்றார். அவர்களில் ஒருவர் கிளோட் பெர்த்தோலே. பாலைவனத்து நாட்ரன் ஏரிகளின் கரையில் சோடியம் கார்பனேட், அதாவது சலவைச் சோடா, படிந்து கிடப்பதை அவர் பார்த்தார். மற்றவர்களுக்கு அது வெறும் உப்புப்படிவு. வேதியியலாளருக்கோ அது நடக்கக் கூடாத காரியம். ஆய்வகத்தில் சோடியம் கார்பனேட்டையும் கால்சியம் குளோரைடையும் கலந்தால் சுண்ணாம்புக்கல் வீழ்படிவாகும், சமையல் உப்பு கரைசலில் நிற்கும். ஏரியிலோ உப்பும் சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்து சோடாவைத் தந்துகொண்டிருந்தன. படம் தலைகீழாக ஓடியது.

அளவிறந்த உப்பு இருப்பதால்தான் வினை திரும்புகிறது என்று பெர்த்தோலே ஊகித்தார். பொருள்களின் இயல்பு மட்டுமல்ல, அவற்றின் அளவும் வினையின் திசையை முடிவுசெய்கிறது என்பது அன்றைக்குப் புதிய எண்ணம். துரதிருஷ்டவசமாக அவர் அதோடு நிற்காமல், சேர்மங்களுக்கு நிலையான இயைபே கிடையாது என்றும் வாதிட்டார். ப்ரூஸ்ட் என்பவரிடம் அந்த வாதத்தில் தோற்றார். தோற்ற வாதத்தோடு நல்ல கருத்தும் பல ஆண்டுகள் பரணில் கிடந்தது.

1864-இல் குல்பெர்க், வாகே என்ற நார்வே நாட்டு மைத்துனர்கள் இருவர் அதற்குக் கணித வடிவம் தந்தார்கள். அவர்கள் நார்வே மொழியில் எழுதியதால் ஐரோப்பா நெடுநாள் கவனிக்கவில்லை. தாய்மொழியில் அறிவியல் எழுதுபவர்களுக்கு இந்த வலி புரியும். முன்னும் பின்னும் பாயும் இரட்டை அம்புக்குறியை 1884-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் வான்ட் ஹாஃப். 1901-இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குத்தான்.

சமநிலை வந்ததும் வினை நின்றுவிடுகிறதா?

நிற்பதில்லை. முன்னோக்கு வினையும் பின்னோக்கு வினையும் ஒரே வேகத்தில் நடப்பதால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நின்றதுபோல் இருக்கிறது. 'இதற்கு என்ன சாட்சி?' என்று ஒரு மாணவி கேட்டாள். கேட்க வேண்டிய கேள்வி.

எளிய சாட்சி: மயில்துத்தத்தின் (காப்பர் சல்பேட்டின்) தெவிட்டிய கரைசலில், அதாவது இனிமேலும் கரைக்க முடியாத கரைசலில், மூலை உடைந்த ஒரு மயில்துத்தப் படிகத்தைப் போட்டு, நீர் ஆவியாகாமல் மூடிப் பல நாள் வையுங்கள். எடை மாறாது. ஆனால் உடைந்த மூலை மெல்ல நிரம்பி, படிகம் தன் வடிவைத் திரும்பப் பெறும். கரைவதும் படிவதும் நின்றிருந்தால் மூலை எப்படி வளரும்?

இன்னொன்று: நைட்ரஜன், ஹைட்ரஜன், அம்மோனியா மூன்றும் சமநிலையில் இருக்கும் கலனில், ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதே அளவு டியூட்டீரியத்தை வைத்துப் பார்த்தால், சில நேரம் கழித்து அம்மோனியாவிலும் டியூட்டீரியம் ஏறியிருக்கும். அளவுகள் மாறவில்லை, ஆட்கள் மாறிவிட்டார்கள்.

சமநிலை என்றால் இரு பக்கமும் பாதிக்குப் பாதியா?

'சமம்' என்ற சொல் செய்யும் கோளாறு இது. சமமாவது வேகங்கள், அளவுகள் அல்ல. ஹைட்ரஜனையும் அயோடின் ஆவியையும் சம மோல் எடுத்து 425 டிகிரி செல்சியஸில் மூடிய கலனில் வைத்தால், ஏறக்குறைய 79 விழுக்காடு ஹைட்ரஜன் அயோடைடாக மாறியதும் சமநிலை வருகிறது. எதிர்ப்பக்கமிருந்து, தூய ஹைட்ரஜன் அயோடைடோடு தொடங்கினால், 21 விழுக்காடு சிதைந்ததும் அதே சமநிலை வந்துவிடும். எந்த ஊரிலிருந்து புறப்பட்டாலும் அதே சந்திப்பில்தான் வந்து நிற்கும்.

சுண்ணாம்புக்கல்லைச் சுடுவதும் மீள் வினை, அதாவது இரு திசையிலும் நடக்கக்கூடிய வினை, என்று படிக்கிறோம். காளவாயில் மட்டும் அது எப்படி முழுதாக முடிகிறது?

காளவாய் திறந்திருப்பதால். சுண்ணாம்புக்கல்லோ கிளிஞ்சலோ, இரண்டும் கால்சியம் கார்பனேட்தான். சூடு ஏறினால் சுட்ட சுண்ணாம்பும் கார்பன் டைஆக்சைடும் பிரிகின்றன. இதையே மூடிய கலனில் செய்தால், கார்பன் டைஆக்சைடின் அழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவை எட்டியதும் சமநிலை வந்துவிடும். அந்த அளவு வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. கல் ஒரு கைப்பிடியா ஒரு வண்டியா என்பதைப் பொறுத்ததல்ல. 900 டிகிரியை ஒட்டி அது ஒரு வளிமண்டல அழுத்தத்தை எட்டுகிறது. காளவாயில் அடியிலிருந்து ஏறும் காற்றும் புகையும் உண்டான வாயுவை அப்போதைக்கப்போது அள்ளிச் செல்கின்றன. திரும்பிச் சேர ஆள் இல்லை என்றால் பின்னோக்கு வினை எப்படி நடக்கும்? கல் முழுதும் வெந்துவிடுகிறது.

இதோடு கதை முடிவதில்லை. சுட்ட சுண்ணாம்பை நீற்றிச் சாந்தாக்கிச் சுவரில் பூசுகிறார்கள். சுவர் காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடை மெல்ல உறிஞ்சி, மறுபடி கால்சியம் கார்பனேட்டாகிறது. சாதாரண வெப்பநிலையில் சமநிலை முழுக்க கல்லின் பக்கம்தான். ஆனால் வேகம் ஆமை வேகம்; தடித்த பூச்சின் உட்புறம் கல்லாக ஆண்டுகள் ஆகும். செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தடவிப் பார்த்தவர்கள், காளவாயில் பிரிந்த வாயு திரும்பி வந்து சேர்ந்த இடத்தைத்தான் தடவியிருக்கிறார்கள். பாட்டியின் சுண்ணாம்பு டப்பாவை மூட மறந்தால் மேலே ஏடு கட்டுவதும் இதே வினைதான்.

லீ சாட்லியர் தத்துவம் என்ன சொல்கிறது?

சமநிலையில் உள்ள அமைப்பைத் தொந்தரவு செய்தால், அந்தத் தொந்தரவின் விளைவைக் குறைக்கும் திசையில் அது நகரும். கோலி சோடாவைத் திறந்ததும் நுரைப்பது இதற்குப் பழகிய காட்சி: மேலே அழுத்தம் போனதும் கரைந்திருந்த வாயு வெளியேறி அதை ஈடுகட்டப் பார்க்கிறது. ஈடுகட்டுவது ஓரளவுக்குத்தான், முழுதாக அல்ல என்பதைத் தேர்வுத்தாளில் எழுத மறக்காதீர்கள்.

சமநிலையில் உள்ள வாயுக் கலவைக்குள், கன அளவு மாறாமல், வினையில் பங்கேற்காத ஆர்கானைச் செலுத்தினால்?

எதுவும் நகராது. மொத்த அழுத்தம் கூடும், ஆனால் வினையில் பங்கேற்கும் வாயுக்களின் பகுதி அழுத்தங்கள், அதாவது ஒவ்வொன்றும் தனியாகத் தரும் அழுத்தங்கள், அப்படியே இருக்கும். மொத்த அழுத்தத்தை மாற்றாமல் செலுத்தினால் கலன் விரியும். அப்போது சமநிலை வாயு மோல்கள் மிகும் பக்கம் நகரும்.

அம்மோனியா உருவாவது வெப்ப உமிழ் வினை. சூடாக்கினால் முன்னோக்கு வினையின் வேகம் குறையும் அல்லவா?

விடைத்தாள்களில் நான் அதிகம் அடித்த வரி இது. சூடாக்கினால் இரண்டு வினைகளும் வேகமெடுக்கின்றன. ஆனால் பின்னோக்கு வினை ஏற வேண்டிய மலை, அதாவது அதன் கிளர்வு ஆற்றல், முன்னோக்கு வினையின் மலையைவிட உயரம். இரண்டு மோல் அம்மோனியாவுக்கு 92 கிலோஜூல் அளவுக்குக் கூடுதல் உயரம். மலை உயர உயர, வெப்பநிலையின் உதவி அதற்குக் கூடுதலாகப் பலிக்கிறது. எனவே பின்னோக்கு வினை முந்திக்கொள்கிறது, சமநிலை நைட்ரஜன் - ஹைட்ரஜன் பக்கம் நகர்கிறது. சமநிலைக்குச் சீக்கிரம் போகிறோம், ஆனால் போய்ச் சேரும் இடத்தில் அம்மோனியா குறைவு.

அப்படியானால் நல்ல வினைவேக மாற்றியைப் போட்டு அம்மோனியாவைக் கூட்டலாமே?

வினைவேக மாற்றி இரு திசைகளையும் ஒரே மடங்கில் விரைவாக்கும். சமநிலையை இம்மியும் நகர்த்தாது. நகர்த்தும் என்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியை உள்ளே போட்டால் ஒரு பக்கம் நகர்ந்து வெப்பம் வெளிவரும். எடுத்தால் திரும்ப நகரும். போட்டும் எடுத்தும் ஒரே சூழலிலிருந்து முடிவில்லாமல் வேலை வாங்கலாம். இயற்கை அப்படி யாருக்கும் இலவசம் தருவதில்லை.

அம்மோனியா தயாரிக்கும் ஹேபர் முறையில் 450 டிகிரி, 200 வளிமண்டல அழுத்தம் என்று மனப்பாடம் செய்கிறோம். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன?

வேகத்துக்கும் சமநிலைக்கும் நடந்த இழுபறியிலிருந்து. 200 வளிமண்டல அழுத்தத்தில் சமநிலைக் கலவையில் அம்மோனியா, 200 டிகிரியில் ஏறத்தாழ 86 விழுக்காடு. 400 டிகிரியில் 39-ஐ ஒட்டி. 500 டிகிரியில் 18-ஐ ஒட்டி. சமநிலையைக் கேட்டால் குளிர்ச்சியாக வை என்கிறது. ஆனால் நைட்ரஜன் மூலக்கூறின் முப்பிணைப்பை உடைக்கக் குளிரில் முடியாது. வேகத்தைக் கேட்டால் சூடாக்கு என்கிறது. சாதாரண அழுத்தத்தில் 500 டிகிரிக்குப் போனால் அம்மோனியா ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. எனவே அழுத்தம் தேவைப்பட்டது: நான்கு மோல் வாயு இரண்டாகச் சுருங்கும் வினைக்கு அழுத்தம் நண்பன்.

இதை முதலில் முயன்றவர்களில் லீ சாட்லியரும் ஒருவர். 1901-இல் கருவிக்குள் காற்று கலந்திருந்ததால் வெடித்தது; அவர் கைவிட்டார். தன் பெயரில் உள்ள தத்துவம் காட்டிய வழியிலேயே கிடைக்கவிருந்த கண்டுபிடிப்பைக் கைநழுவ விட்டதாகப் பின்னாளில் அவரே வருந்தினார். 1909 ஜூலையில் கார்ல்ஸ்ருஹேயில் ஃபிரிட்ஸ் ஹேபரும் ராபர்ட் லெ ரொசிஞ்ஞோலும் ஆஸ்மியத்தை மாற்றியாக வைத்து, துளித்துளியாகத் திரவ அம்மோனியா விழுவதை பிஏஎஸ்எஃப் என்ற ஜெர்மன் வேதிப்பொருள் நிறுவனத்தாருக்குக் காட்டினார்கள்.

ஆஸ்மியம் மிக அரியது. அந்த நிறுவனத்தின் மிட்டாஷ் ஆயிரக்கணக்கான சோதனைகளுக்குப் பிறகு, அலுமினாவும் பொட்டாஷும் சிறிதளவு கலந்த இரும்பே போதும் என்று கண்டார். ஆலையை அமைக்க வேண்டிய, அதே நிறுவனத்தின் கார்ல் போஷுக்கோ வேறு தலைவலி. உயர் அழுத்த ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதன் கார்பனைத் தின்றுவிட, கலன்கள் உளுத்து வெடித்தன. உள்ளே கார்பன் இல்லாத மெல்லிரும்புக் குழாய், வெளியே வலுவுக்குத் துளையிட்ட எஃகு. கசியும் ஹைட்ரஜன் துளை வழியே போகட்டும் என்று விட்டுவிட்டார். 1913-இல் ஓப்பாவ் ஆலை ஓடத் தொடங்கியது.

நுட்பமான பகுதி இன்னொன்று. ஆலையில் யாரும் சமநிலைக்காகக் காத்திருப்பதில்லை. ஒருமுறை மாற்றியின் மீது வாயு கடக்கும்போது 15 விழுக்காடு அளவில் மாறினாலும் போதும். குளிர்வித்து அம்மோனியாவைத் திரவமாக எடுத்துவிட்டு, மிச்ச வாயுவை மீண்டும் சுற்றுக்கு விடுகிறார்கள். காளவாய் விளைபொருளை வெளியே விட்டது, இங்கே பிடித்துவைக்கிறார்கள். தந்திரம் ஒன்றுதான். மணலியிலும் தூத்துக்குடியிலும் யூரியாவுக்கான அம்மோனியா இப்படித்தான் பிறக்கிறது.

கந்தக அமில ஆலையில் ஏன் அவ்வளவு அழுத்தம் கொடுப்பதில்லை?

தேவையில்லை. கந்தக டைஆக்சைடு டிரைஆக்சைடாவதும் வாயு சுருங்கும் வினைதான். ஆனால் வனேடியம் பென்டாக்சைடின் மீது, 450 டிகிரியை ஒட்டி, வளிமண்டல அழுத்தத்தை ஒட்டியே மாற்றம் 95 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. எஞ்சிய சொச்சத்துக்காகத் தடித்த எஃகுக் கலன் வாங்க எந்த முதலாளியும் சம்மதிக்க மாட்டார்.

நம் உடல் சமநிலையில் இருக்கிறதா?

மொத்தமாக இல்லை. திறந்த குழாயும் திறந்த வடிகாலும் உள்ள தொட்டியில் நீர்மட்டம் மாறாமல் நிற்குமே, அது நிலைத்த நிலை, சமநிலை அல்ல. உடல் அந்த வகை.

ஆனால் உடலுக்குள் தனித்தனி மீள் வினைகள் உண்டு. ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதும் விடுவதும் அப்படி ஒன்று. மூடிய அறையில் கரியடுப்பு வைத்துத் தூங்குபவர்களைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடு, அதே இடத்தை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றோடு பிடித்துக்கொள்கிறது. பிடி எவ்வளவு வலுவாக இருந்தாலும் மீள் வினைதான் என்பதால் மருத்துவருக்கு வழி இருக்கிறது: ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்துச் சமநிலையைத் திருப்புவது. சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இரத்தத்தில் அந்த நஞ்சு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியே தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றேகால் மணி. உயர் அழுத்த அறையில் வைத்துக் கொடுத்தால் அரைமணிக்கும் குறைவு.